கூடைக்குள் 1250 புத்தகங்கள்

“இன்று இரவு ஒரு மணி முதல் மூன்று மணி வரை பராமரிப்புப் பணி” என்று ஓர் இணையப் புத்தகக் கடை அறிவிக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் கடை நேற்று இருந்தபடியே இருக்கிறது. அதே நிறம், அதே பொத்தான்கள், அதே விலை. ஆனால் நேற்றிரவு கூடையில் எடுத்து வைத்த மூன்று புத்தகங்களைக் காணோம். போதாக்குறைக்கு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிதாகக் கேட்கிறது. கடையை நடத்தும் நிரலில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், அது புரிகிறது. அதற்காக என் மூன்று புத்தகங்களை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

பல சமயம் யாரும் தூக்கிப் போடுவதில்லை. கூடை வைத்த இடத்திலேயே, ஒரு பைட்கூடக் குறையாமல் இருக்கிறது. புது நிரல்தான் அதைத் தொட மறுக்கிறது. ‘இது என்னுடையதல்ல’ என்று சொல்லிவிட்டு, வெறுங்கூடையை உங்கள் முன் வைக்கிறது. இப்படி நடக்கப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஜாவா மொழியில் எழுதப்பட்ட சேவைகளில் அடிக்கடி தலைகாட்டுவது. அதை மட்டும் இங்கே பிரித்துப் பார்ப்போம்.

கட்டிலைக் கழற்றினால்தான் மாடி ஏறும்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தில் உங்கள் கூடை ஒரே இடத்தில் திரண்டு கிடப்பதில்லை. எண்ணிக்கை ஓரிடத்தில், புத்தகத் தலைப்பு ஓரிடத்தில், உங்கள் பெயர் ஓரிடத்தில். ஒன்று மற்றொன்றின் முகவரியை வைத்துக்கொண்டிருக்கும். அந்த முகவரிகள் அந்தக் கணினியில், அந்த நிரல் ஓடும் வரைதான் செல்லும். நிரலை நிறுத்தினால் தெருவும் இல்லை, வீடும் இல்லை.

ஆகவே கூடையைத் தரவுத்தளத்தில் பத்திரப்படுத்தவோ வேறொரு கணினிக்கு அனுப்பவோ வேண்டுமானால், அதைப் பிரித்துப் பைட்டுகளின் ஒற்றை வரிசையாக்க வேண்டும். வீடு மாற்றும்போது தேக்குக் கட்டிலைச் சட்டம் சட்டமாகக் கழற்றுகிறோமே, அதே வேலைதான். நிரலர்கள் இதைச் சீரியலைசேஷன் என்பார்கள். நாம் தொடராக்கம் என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்பப் பூட்டுவதற்கு மீட்டெடுப்பு என்று பெயர் கொடுப்போம்.

1997இல் வந்த ஜாவா 1.1 இந்த வசதியை மொழியோடு சேர்த்தே கொடுத்தது. நிரலில் ‘சீரியலைசபிள்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். கழற்றுவதும் பூட்டுவதும் மொழியின் பொறுப்பு. இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததால், யோசிக்காமலே பலர் அந்தச் சொல்லை எழுதிவைத்தார்கள். பின்னால் வந்த தலைவலிகளில் பாதிக்கு இதுவே வேர் என்பது என் எண்ணம்.

இன்னும் இரண்டு சொற்கள் தேவை. முறுக்குப் பிழியும் அச்சு ஒன்று, அதிலிருந்து வரும் முறுக்குகள் நூறு. ஜாவாவில் அச்சை ‘கிளாஸ்’ என்றும், பிழிந்து வந்ததை ‘ஆப்ஜெக்ட்’ என்றும் சொல்வார்கள். நான் அச்சு, பொருள் என்றே எழுதப்போகிறேன். கவனிக்க வேண்டியது இதுதான்: தொடராக்கத்தில் பொருளின் உள்ளடக்கமும் அச்சைப் பற்றிய சிறு குறிப்பும் மட்டுமே பயணம் செய்கின்றன. அச்சு பயணம் செய்வதில்லை. அது மறுமுனையில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

எண்பத்தாறு பைட்டுகள்

ஒரு கூடையைக் கழற்றியே பார்த்துவிடுவோம். ஜாவாவில் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்பது ஜாவாக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. யூனிகோடு எழுத்துகளை அந்த மொழி ஏற்றுக்கொள்ளும். எனவே நம் அச்சின் பெயர் ‘கூடை’. அதில் இரண்டே அறைகள்: எண்ணிக்கை, தொகை. இரண்டிலும் முழு எண்கள். இந்த அச்சு ஒரு நிரலகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரலகம் என்பது யாரோ எழுதி, பலரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. நம் கடை அதை வாங்கிப் பயன்படுத்துகிறது.

கூடையில் மூன்று புத்தகங்கள், விலை 1250 ரூபாய். இதைத் தொடராக்கினால் முதலில் வருபவை நான்கு பைட்டுகள்: 172, 237, 0, 5. ஜாவா தொடராக்கிய எந்த வரிசையும் இந்த நான்கில்தான் தொடங்கும். அடுத்து 115, அதாவது ‘ஒரு பொருள் வருகிறது’. அடுத்து 114, ‘அதன் அச்சைப் பற்றிச் சொல்கிறேன்’. பிறகு 0, 12. அச்சின் பெயர் 12 பைட் நீளம் என்று அர்த்தம். நம் கண்ணுக்குக் ‘கூடை’ இரண்டெழுத்து. யூனிகோடு அதைக் ககரம், ஊகாரக் குறி, டகரம், ஐகாரக் குறி என்று நான்காக எண்ணும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 224, 174, 149 என்று தொடங்கினால் அதுதான் ‘க’.

பெயர் முடிந்தவுடன், 21ஆம் பைட்டிலிருந்து 28ஆம் பைட் வரை, ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. இந்த அத்தியாயத்தின் கதாநாயகன் அதுதான். சற்றுப் பொறுங்கள், திரும்பி வருகிறேன்.

அதற்குப் பிறகு ‘அறைகள் இரண்டு’ என்ற தகவல், ஒவ்வோர் அறையின் வகை, பெயர். ‘எண்ணிக்கை’ என்ற பெயர் மட்டும் 27 பைட் தின்கிறது. குறிப்பு முடிந்தது என்பதற்கு 120, மேலே வேறு அச்சு இல்லை என்பதற்கு 112. எல்லாம் முடிந்து கடைசியில்தான் சரக்கு: 0, 0, 0, 3. அது புத்தகங்களின் எண்ணிக்கை. பிறகு 0, 0, 4, 226. நான்கு 256களோடு 226ஐச் சேர்த்தால் 1250.

மொத்தம் 86 பைட். சரக்கு 8, கட்டிய பெட்டி 78.

தானாகப் போட்ட எண்

அந்த எட்டு பைட் எண்ணுக்கு ஜாவாவில் ‘சீரியல்வெர்ஷன்யூஐடி’ என்று பெயர். வாயில் நுழையாது. அச்சு எண் என்று சொல்லிக்கொள்வோம். மீட்டெடுக்கும்போது ஜாவா முதலில் இதைத்தான் பார்க்கும். வரிசையில் வந்த அச்சு எண்ணும், தன் கையில் இருக்கும் அச்சின் எண்ணும் ஒன்றா? ஒன்றென்றால் மேலே போகும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

அச்சைச் செய்தவர் இந்த எண்ணைத் தானே எழுதி வைக்கலாம். எழுதாவிட்டால் ஜாவா தானாக ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ளும். எப்படி? அச்சின் பெயர், அது ஏற்றிருக்கும் பொறுப்புகளின் பெயர்கள், அறைகளின் பெயர்களும் வகைகளும், வெளியார் கூப்பிடக்கூடிய செயல்களின் பெயர்கள் என்று அச்சின் வெளித்தோற்றத்தை வரிசையாக எழுதி, எஸ்ஹெச்ஏ-1 என்ற சுருக்கும் முறையில் அரைத்து, விழுந்த மாவிலிருந்து முதல் எட்டு பைட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு வகைக் கைரேகை இது.

இந்த அரைவைக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போகும் ஓர் எழுத்து மாறினாலும் வெளியே வரும் எண் அடியோடு வேறாகிவிடும். கொஞ்சம் மாறினால் கொஞ்சம் வேறுபடும் என்ற பேச்சே இல்லை. எனவே இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அச்சு சிறிது மாறியிருக்கிறதா முழுவதும் மாறியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது நிரலகத்தை எழுதியவர் இரண்டாம் பதிப்பு வெளியிடுகிறார். கூடையின் அறைகளில் கைவைக்கவில்லை. ‘தள்ளுபடி’ என்று ஒரு செயலை மட்டும், வெளியார் கூப்பிடும்படி சேர்க்கிறார். நல்ல காரியம்தான். ஆனால் வெளித்தோற்றம் மாறியது, கைரேகை மாறியது, அச்சு எண் மாறியது. நேற்றிரவு முதல் பதிப்பு எழுதி வைத்த 86 பைட்டை இன்று காலை இரண்டாம் பதிப்பு திறக்கிறது. அச்சைப் பற்றிய குறிப்பைப் படித்ததும், எண் பொருந்தவில்லை என்று கையை எடுத்துவிடுகிறது. சரக்கு இருக்கும் கடைசி எட்டு பைட்டுகளை அது பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பூட்டுவதில் எந்தச் சிக்கலும் இருந்திருக்காது.

அந்தச் செயலை அச்சுக்குள் மட்டும் புழங்குவதாக எழுதியிருந்தால் எண் மாறியிருக்காது. ஏற்கெனவே இருக்கும் செயலின் உட்கணக்கைத் தலைகீழாக்கியிருந்தாலும் மாறியிருக்காது. விலையை ரூபாயில் வைத்திருந்தவர் பைசாவுக்கு மாற்றிவிட்டு அறையின் பெயரை அப்படியே விட்டிருந்தால், அந்த மாற்றமும் கைரேகையில் விழாது. தீங்கில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது, நூறு மடங்கு பிழையை உள்ளே விடுகிறது. வெளித்தோற்றத்தை மட்டும் பார்க்கும் காவலாளியிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

ஓர் எழுத்துகூட மாறாமல்

இதைவிட வினோதம் ஒன்று உண்டு. நிரலில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம், புதிய ஜாவாவுக்காகத் திரும்பத் தொகுத்தாலே எண் மாறக்கூடும். ஓர் அச்சுக்குள் இன்னோர் அச்சு இருந்து, உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் அந்தரங்க அறையைத் தொட்டால், பழைய தொகுப்பிகள் (எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றுபவை) அதற்காக ஒரு மறைவான இணைப்புச் செயலைத் தாமாகவே சேர்த்துவிடும். எழுதியவர் கண்ணில் அது படாது. கைரேகை எடுக்கும்போது அதுவும் கணக்கில் சேரும். 2018இல் வந்த ஜாவா 11 முதல் அந்த இணைப்பு தேவையில்லாமல் போனது. புதிதாகத் தொகுத்தால் மறைவான செயல் இருக்காது. எண் வேறு.

நிரலக ஆசிரியர் ‘நான் எதையுமே மாற்றவில்லை’ என்று சத்தியம் செய்வார். அது உண்மையாகவும் இருக்கும்.

பழைய எண்ணையே ஒட்டுவது

எண் பொருந்தாதபோது ஜாவா ஒரு பிழைச் செய்தி தரும். ‘இன்வேலிட்கிளாஸ்எக்ஸெப்ஷன்’ என்று தொடங்கும் அந்தச் செய்தியைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள். நிதானமாகப் படித்தால் அது மிக உதவியான செய்தி. வரிசையில் வந்த எண் இது, என் கையில் இருக்கும் எண் இது என்று இரண்டையும் முழுசாக எழுதியிருக்கும். பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது.

அச்சு நம்முடையது என்றால், புதிய பதிப்பில் பழைய எண்ணை நாமே எழுதிவிடலாம். அதன்பின் ஜாவா கைரேகை எடுக்காது, எழுதியிருப்பதை நம்பும். பழைய எண் தெரியவில்லையா? ஜாவாவோடு ‘சீரியல்வெர்’ என்ற சிறு கருவி வருகிறது. பழைய பதிப்பை அதனிடம் கொடுத்தால் எண்ணைச் சொல்லிவிடும்.

எண் ஒத்துப்போனால் ஜாவா அறைகளைப் பெயர் பார்த்துப் பொருத்தும். வரிசையில் இருந்து அச்சில் இல்லாத அறையை விட்டுவிடும். அச்சில் இருந்து வரிசையில் இல்லாத அறையைக் காலியாக வைக்கும். எண் அறையென்றால் சுழியம். மற்றவை என்றால் ஒன்றுமில்லை.

அந்தக் ‘காலி’யில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கூடையில் ‘நாணயம்’ என்று புதிய அறை சேர்த்து, ‘தொடக்கத்தில் ரூபாய்’ என்று அச்சிலேயே எழுதியிருக்கிறோம். புதிதாகப் பிறக்கும் எல்லாக் கூடைகளிலும் ரூபாய் இருக்கும். மீட்டெடுத்த பழைய கூடையில் இருக்காது. ஏனென்றால் மீட்டெடுக்கும் பொருளுக்கு ஜாவா அந்த அச்சின் பிறப்புச் சடங்கைத் திரும்பச் செய்வதில்லை. தொடக்க மதிப்புகளைப் போடுவது அந்தச் சடங்கின் வேலை. கூடை நல்லபடியாகத் திறக்கும், பக்கமும் வரும். பணம் கட்டப் போகும் இடத்தில், இதோடு தொடர்பே இல்லாதது போன்ற ஒரு வரியில், நிரல் விழும். இதற்கு மருந்து, மீட்டெடுக்கும்போது ஓடும் ‘ரீட்ஆப்ஜெக்ட்’ என்ற செயலை அச்சிலேயே எழுதி, காலியாக வந்த அறையை நிரப்புவது. ஐந்து வரி வேலை. அந்த ஐந்து வரி எழுதப்படாமல் போவதுதான் வழக்கம்.

அறையின் வகையே மாறினால் எண்ணை ஒட்டினாலும் பயனில்லை. நான்கு பைட் முழு எண் 214 கோடிச் சொச்சத்துக்கு மேல் தாங்காது. தொகையைப் பைசாவில் வைப்பவருக்கு அது வெறும் 2 கோடியே 14 லட்சம் ரூபாய். ஒரு மொத்த வியாபாரி எட்டு பைட்டுக்கு மாறத்தான் செய்வார். அப்போது பழைய அறையைப் பழைய வகையிலேயே கேட்டு வாங்கிக் கையால் மாற்றிப் போட வேண்டும்.

அச்சு நம் கையில் இல்லாதபோது

நம் கதையில் கூடை நிரலகத்துக்காரருடையது. அவர் எண்ணை எழுதவில்லை, நம்மால் அவர் நிரலைத் திருத்தவும் முடியாது. பழைய கூடைகள் லட்சக்கணக்கில் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. என்ன செய்வது?

மீட்டெடுக்கும் வேலையைச் செய்யும் ஜாவாவின் கருவியை நாம் சற்று நீட்டிக்கொள்ளலாம். வரிசையில் அச்சைப் பற்றிய குறிப்பைப் படிக்கும் படி ஒன்று அதில் உண்டு. ‘ரீட்கிளாஸ்டிஸ்கிரிப்டர்’ என்று பெயர். அந்த இடத்தில் குறுக்கே புகுந்து, வந்த குறிப்பின் பெயர் ‘கூடை’ என்றும் எண் மட்டும் வேறு என்றும் தெரிந்தால், வந்த குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, நம் கையில் இருக்கும் அச்சின் குறிப்பை அங்கே வைத்துவிடுவது. இரண்டு எண்களும் இப்போது ஒன்றுதான், காவலாளி வழிவிடுவான். பத்து வரிக்குள் முடியும் இந்தத் தந்திரம் நிரலர்களிடையே கைக்குக் கை மாறிப் புழங்குவது.

முதல் பதிப்பிலிருந்து இரண்டாம் பதிப்புக்குப் போகும் நம் கடைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு அச்சிலும் அறைகள் அதே இரண்டு. குறிப்பு எதுவானாலும் கடைசி எட்டு பைட்டுகளை ஒரே மாதிரிதான் படிக்க வேண்டும். மூன்று புத்தகங்கள், 1250 ரூபாய். வாடிக்கையாளர் எதையும் உணர மாட்டார். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள், அந்தப் பத்து வரியும் அங்கேயே கிடக்கும்.

193 கோடி ரூபாய்

மூன்றாம் பதிப்பு வருகிறது. தபால் செலவைக் கணக்கிட வேண்டும் என்று நிரலகத்துக்காரர் ‘எடை’ என்ற மூன்றாவது அறையைச் சேர்க்கிறார். முழு எண்தான், கிராமில்.

ஜாவா எண் அறைகளைப் பெயரின் எழுத்து வரிசைப்படி அடுக்கும். யூனிகோடு வரிசையில் டகரம் ணகரத்துக்கு முன். ஆகவே ‘எடை’ முதல் அறை, ‘எண்ணிக்கை’ இரண்டாவது, ‘தொகை’ மூன்றாவது. தரவுத்தளத்தில் கிடக்கும் பழைய வரிசையிலோ இரண்டு எண்கள்தான். இவை எந்தெந்த அறைக்கு உரியவை என்று சொல்லிய ஒரே குறிப்பை நம் தந்திரம் தூக்கிப் போட்டுவிட்டது.

என்ன நடக்கும்? எடைக்கு நான்கு பைட் எடுக்கும்: 3 கிராம். எண்ணிக்கைக்கு அடுத்த நான்கு: 1250 புத்தகங்கள். தொகைக்கு? கூடையின் பைட்டுகள் தீர்ந்துவிட்டன. வரிசையில் இந்த ஒரு கூடை மட்டும் இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். வரிசை முடிந்துவிட்டது என்று நிரல் பிழை சொல்லி நிற்கும். அதே வரிசையில் அடுத்தடுத்து இரண்டு கூடைகள் எழுதியிருந்தால் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. இரண்டாவது கூடை 115, 113, 0, 126 என்று தொடங்கும். ‘இன்னொரு பொருள் வருகிறது, அதன் அச்சை முன்பே சொல்லிவிட்டேன், அதைப் பார்’ என்பது அதன் அர்த்தம். நம் நிரல் அந்த நான்கையும் தொகை என்று எண்ணி எடுத்துக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால் 1,93,67,85,534. நூற்றுத் தொண்ணூற்று மூன்று கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம்.

ஆக, 3 கிராம் எடையுள்ள 1250 புத்தகங்கள், விலை 193 கோடி ரூபாய். முதல் கூடையைப் படிப்பதில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அடுத்ததைப் படிக்கப் போகும்போதுதான் வரிசை குழம்பியிருக்கிறது என்று ஜாவா கத்தும். அதற்குள் முதல் கூடை பக்கத்தில் ஏறிவிட்டிருக்கும்.

இதோடு ஒப்பிட்டால், காலையில் வெறுங்கூடை காட்டிய நிரல் எவ்வளவோ கண்ணியமானது.

தந்திரத்தைத் திருத்த முடியும். குறிப்பை முழுவதும் மாற்றாமல், பைட் வரிசையிலேயே 21ஆம் பைட்டிலிருந்து 28ஆம் பைட் வரை உள்ள எண்ணை மட்டும் புது எண்ணாக மாற்றி எழுதினால், அறைகளின் பழைய பட்டியல் பிழைத்துக்கொள்ளும். ஜாவா பெயர் பார்த்தே பொருத்தும்: 3 புத்தகங்கள், 1250 ரூபாய், எடை சுழியம். எடையில்லாத புத்தகங்களுக்குத் தபால் செலவும் சுழியமாகலாம். அது கடைக்காரருக்குச் சின்ன நட்டம், கண்டுபிடித்துத் திருத்தக்கூடிய நட்டம். ஆனாலும் நான் எந்தக் கடைக்கும் இதை நிரந்தர ஏற்பாடாகச் சொல்ல மாட்டேன். பழைய குறிப்பில் இருக்கும் அறைகளையும் புதிய அச்சில் இருக்கும் அறைகளையும் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்காமல், எண்ணை மட்டும் ஏமாற்றும் எந்த வழியும் இருட்டில் பூட்டிய கட்டில்தான்.

பழைய அச்சை வைத்தே படிப்பது

நாள்பட்டுக் காக்க வேண்டிய தரவு என்றால் இன்னொரு வழி இருக்கிறது. வேலை கூடுதல், நிம்மதியும் கூடுதல். ஜாவாவில் ஒரே நிரலகத்தின் இரண்டு பதிப்புகளைத் அச்சுகளை நினைவகத்துக்குக் கொண்டுவரும் தனித்தனி ஏற்றிகள் மூலம் ஒன்றையொன்று பார்க்காதபடி ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியும். அல்லது இன்னும் எளிமையாக, பழைய பதிப்போடு ஒரு சிறு நிரலைத் தனியாக ஓட்டலாம். பழைய பதிப்பு பழைய கூடையைத் தன் அச்சை வைத்துத் திறக்கும். திறந்ததை ‘எண்ணிக்கை 3, தொகை 1250’ என்று எந்த மொழியும் படிக்கும் வெற்று எழுத்தில் எழுதி வைக்கும். ஜேசன் என்ற வடிவம் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. புதிய பதிப்பு அதைப் படித்துத் தன் அச்சில் புதுக் கூடையைப் பிழிந்துகொள்ளும். எடை தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதலாம், சுழியம் என்று பொய் சொல்ல வேண்டாம்.

அச்சின் பெயரே மாறிப்போன இடங்களிலும் இந்த வழி காப்பாற்றும். 2020இல் வந்த ஜகார்த்தா ஈஈ 9 என்ற ஜாவா தொகுப்பில், ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய எத்தனையோ பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று தொடங்கும்படி மாறின. பழைய பெயர் ஆரக்கிள் நிறுவனத்தின் வணிகக் குறியோடு சேர்ந்தது என்பதே காரணம், தொழில்நுட்பம் அல்ல. பெயரைத் தாங்கிய பழைய பைட் வரிசைகளுக்கு அந்த வணிகக் குறி விவகாரம் எப்படித் தெரியும்?

வேண்டுமென்றே உடைப்பவர்கள்

இதுவரை உடைவதை விபத்தாகவே பேசினேன். எண்ணை மனமறிந்து மாற்றுகிறவர்களும் உண்டு. ஜாவா இணையச் சேவைகளில் பயனரை அடையாளம் காணும் வேலையை ஸ்பிரிங் செக்யூரிட்டி என்ற நிரலகம் பெருவாரியாகச் செய்கிறது. அதன் ஆசிரியர்கள் பல ஆண்டுகள் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் என்று வைத்திருந்தார்கள்: 5.7க்கு 570, 5.8க்கு 580, 6.0க்கு 600. ஒரு பதிப்பு எழுதியதை மற்றொன்று படிக்கக் கூடாது என்பதே நோக்கம். யார் உள்ளே வரலாம் என்ற தகவலில் ஓர் அறை காலியாக வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பயனரை வெளியே அனுப்பி, மறுபடி கடவுச்சொல் கேட்பது அதைவிட மேல்.

காலையில் கடை உங்களிடம் கடவுச்சொல் கேட்டதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சில நேரம் ஒருமுறை நுழைந்த பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கும். கடை பத்துக் கணினிகளில் ஓடுகிறது, அவற்றை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கிடங்கில் உங்கள் வருகைப் பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கணினி எழுதியதைப் பழையது ஏற்காது, பழையது எழுதியதைப் புதுசு ஏற்காது. எது உங்கள் கையில் சிக்குகிறதோ அதைப் பொறுத்து நீங்கள் தெரிந்தவர், அல்லது தெரியாதவர். இந்த மாதிரித் தற்காலிகத் தரவுக்குத் தந்திரமெல்லாம் தேவையில்லை. புதுப்பிக்கும்போது பழையதைத் துடைத்துவிட்டு, ஒருமுறை மட்டும் மன்னிப்புக் கேட்பதே சரி.

2015 நவம்பரில் வந்த அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் 3.2.2 இன்னும் கடுமையாக உடைத்தது. மீட்டெடுப்பு என்பது பைட்டுகள் சொல்லும் அச்சில் பொருளைப் பிழிவது. பைட்டுகளை எதிரி எழுதினால்? அந்த நிரலகத்தில் இருந்த சில அச்சுகளைச் சங்கிலியாகக் கோத்து அனுப்பினால், மீட்டெடுக்கும் கணினியில் எதிரி விரும்பும் கட்டளையை ஓட்ட முடியும் என்று அந்த ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. புதிய பதிப்பு அந்த அச்சுகளை மீட்டெடுக்க மறுத்தது. மறுப்பை நீக்கும் ஓர் அமைப்பும் வைத்திருந்தார்கள். அதன் பெயரிலேயே ‘பாதுகாப்பற்றது’ என்ற சொல் இருக்கும். மேம்படுத்தியபின் எதுவோ திறக்கவில்லை என்று அந்த அமைப்பைத் தேடிப் போகிறவர், அந்தச் சொல்லையும் சேர்த்துப் படிப்பது நல்லது. வெளியிலிருந்து வரும் வரிசைகளில் எந்தெந்த அச்சுகளை அனுமதிக்கலாம் என்று பட்டியலிடும் வடிகட்டி 2017இல் ஜாவா 9இல் வந்தது, பழைய பதிப்புகளுக்கும் அது எடுத்துச் செல்லப்பட்டது.

எழுதி வைத்த எண்

ஜாவா தன் சொந்த அச்சுகளை என்ன செய்கிறது? எழுத்துச் சரங்களுக்கான ‘ஸ்டிரிங்’ என்ற அச்சு இல்லாமல் ஜாவா நிரல் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். பிறந்த நாளிலிருந்து அதில் எத்தனையோ செயல்கள் சேர்ந்தன. எழுத்துகளை உள்ளே வைக்கும் முறையே ஜாவா 9இல் மாறியது. தானாகக் கைரேகை எடுத்திருந்தால் எண் எத்தனை முறை மாறியிருக்கும்!

மாறவில்லை. அதன் அச்சு எண்ணைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள்: கழித்தல் குறியோடு 6849794470754667710. ஜாவாவின் மூல நிரல் யாரும் திறந்து பார்க்கக்கூடியது. இன்றைய பதிப்பில் அந்த அச்சைத் தேடிப் போனால் இந்த எண் அங்கே இருக்கும். அதற்கு மேலேயே ஒரு வரிக் குறிப்பும் இருக்கும்: இது ஜாவா 1.0.2 காலத்து எண், பழையவற்றோடு ஒத்துப்போவதற்காக.